தூக்கிவிட்ட கை

இது இட்டுக்கட்டிச் சொன்ன கதை இல்லை. சுங்கை லாலாங்கில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் பக்கத்து ஊரான பீடோங்கில் வயர்மேன் சத்தியசீலனைக் கேட்டுப் பார்க்கலாம். இருபது வருடமாகக் கரண்டோடு மல்லுக்கட்டுகிற மனிதர். பேய் பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரித்தவர்.

அன்று அவரைக் கூப்பிட்டது யோகேஸ்வரி. கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து முதுகெலும்பு விலகிப் போனவள். புருஷன் லோகன் மனசு கேட்காமல், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஜக்குஸி வாங்கி வந்து தானே பொருத்திவிட்டான். மோட்டார் சுடுதண்ணீரைப் பீய்ச்சி அடித்து முதுகைப் பிடித்துவிடுகிற குளியல் தொட்டி. அதில் உட்கார்ந்து எழுந்தால்தான் அவளால் மறுநாள் வேலைக்குப் போய் நிற்க முடியும்.

"ஷாக் அடிக்குதா தங்கச்சி?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் சத்தியசீலன்.

"அப்படித்தான் அவரு சொல்றாரு. எனக்கு அப்படித் தெரியலண்ணே."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொட்டியில் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள். எழ முடியவில்லை. "ஏங்க, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று கையை நீட்டியிருக்கிறாள். ஒரு கை வந்து பிடித்தது. பதமாகத் தூக்கி நிறுத்தியது. கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது... லோகன் வேலைக்குப் போயிருந்தான். குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

சத்தியசீலனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வலி மாத்திரை எத்தனை போட்ட?"

"போங்கண்ணே. பயந்து போய்ச் சொல்றேன், நீங்க வேற."

அவர் தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார். நினைத்தது சரிதான். மோட்டாருக்கு எர்த் கம்பி இல்லை. இரும்புகளைச் சேர்த்துக் கட்டும் கம்பியும் இல்லை.

"பாத்தியா, இதான் உன் பேய்! மோட்டாரு, குழாய், கைப்பிடி, எல்லா இரும்பையும் ஒரே கம்பியில கட்டணும். எல்லாத்துலயும் வோல்ட்டேஜ் ஒரே அளவு இருந்தா ஆளை அடிக்காது. ஒண்ணுல கூடி ஒண்ணுல குறைஞ்சா, நடுவுல நிக்கிற மனுசன் வழியாத்தான் கரண்ட் ஓடும்லா."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையில் இறங்கினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி இழுத்தார். தொட்டிக் குழாய், துண்டு போடும் கம்பி, கைப்பிடி, சமையலறை வரை ஓடும் பழைய இரும்புக் குழாய் என்று ஒன்று விடாமல் இறுக்கிக் கட்டினார். சுத்தமான வேலை. அவருக்கே திருப்தியாக இருந்தது.

"இனி பயமில்லாம குளி தங்கச்சி. நான் கேரண்டி," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். அவள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி நாலே கால்.

கை கழுவலாம் என்று தொட்டிக் குழாயைப் பிடித்தார்.

குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. சுடுதண்ணீரே திறக்கவில்லையே என்று நினைத்தார்.

அப்புறம்... அது அவர் கையைப் பிடித்தது.

ஷாக் இல்லை. ஷாக் அவருக்குத் தெரியாதா? மெயின் வேறு அணைந்து கிடக்கிறது. இது விரல்கள். கட்டை விரல் புறங்கையில் அழுந்தியது. உள்ளங்கையில் காய்ப்பு. ஒரு மோதிரம்கூட உறுத்தியது.

மேலே இழுத்தது.

உதறினார். விடவில்லை. சுவரில் காலை ஊன்றி உதறினார். பிடி விட்டது. தடுமாறித் துண்டுக் கம்பியைப் பிடித்தார்.

அதிலும் அதே கை.

"அம்மா!" என்று கத்திவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவருக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது.

அப்போது சமையலறையில் ஏதோ உடைந்தது. ணங்...

"அண்ணே... விடச் சொல்லுங்கண்ணே..."

விழுந்தடித்து ஓடினார். யோகேஸ்வரி தொட்டி பக்கமே போகவில்லை. பாத்திரம் கழுவும் குழாயின் முன்னால் நின்றாள். வலது கை தலைக்கு மேல் விறைத்து நின்றது. கால் நுனியில் நின்றாள்.

நின்றாளா?

தொங்கினாள்.

சமையலறைக் குழாய். அதே இரும்பு. அதைக் கொண்டுவந்து தொட்டியோடு சேர்த்துக் கட்டியது யார்?

ஐயோ, நான்தானே...

திரும்பி ஓடினார். ரப்பர் பிடி போட்ட குறடு. செம்புக் கம்பி. கம்பியில் குறட்டை வைத்து அழுத்தினார். ஒரு தடவை வழுக்கியது.

டக்.

சமையலறையில் அவள் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

மறுநாள் காலையிலேயே லோகன் ஒரு லோரியைப் பிடித்துத் தொட்டியை ஏற்றி அனுப்பிவிட்டான். சத்தியசீலனுக்கு மனசு ஆறவில்லை. கேரண்டி என்று வாயால் சொன்னவர் ஆயிற்றே. பத்து மணிக்கு அவளைப் பார்க்கப் போனார். மாத்திரை போட்டுக் கூடத்துச் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

வாசலில் நின்று, பண்டார் பாருவில் தொட்டியை விற்ற பழைய சாமான் கடைக்காரர் அப்பளசாமிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. அந்தத் தொட்டியில யாரு செத்தா?"

"தொட்டியில யாரும் சாகல தம்பி. எங்க எதிர்வீட்டு நளினியோட தொட்டி அது. அந்தப் பிள்ளைதான் அதுல உக்காந்திருந்துச்சு. மோட்டாருல லீக். தண்ணி பூரா கரண்ட். உள்ள இருந்த பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல. தூக்கிவிடுங்கன்னு கைய நீட்டிருக்கு. புருஷன் ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு பிடிச்சான். பிடிச்ச கைய விடாமலே போய்ட்டான்."

"அந்தப் பொண்ணு?"

"உசுரோட இருக்கு. ஆனா தூங்கும்போது பாக்கணும் தம்பி... வலது கை மட்டும் மேல தூக்கி நிக்கும். யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி. ஏழு மாசமா அப்படித்தான். எந்த டாக்டருக்கும் புரியல. நேத்து சாயங்காலம் நாலே கால் வாக்குலதான் அந்தக் கை கீழ விழுந்துச்சாம். அவரு என்னை விட்டுட்டாருன்னு அழுதுகிட்டே இருக்கு."

சத்தியசீலன் போனைக் காதில் வைத்தபடியே கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

யோகேஸ்வரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் மேலே எழும்பி நின்றது. விரல்கள் எதையோ பிடித்திருந்தன.