அம்மா பசுவிடம் பேசியது

புளித்த காடியின் வாடை எங்கிருந்தாவது மூக்கில் பட்டால் எனக்கு என் தங்கை லீலாவின் ஞாபகம்தான் வருகிறது. பழங்கஞ்சித் தண்ணீரில் தவிடு கலந்து பசுவுக்கு வைப்பதை எங்கள் பக்கத்தில் ‘காடி’ என்பார்கள். அந்த வாளியும், அதன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த, இரண்டரை வயதாகியும் ஒரு சொல் பேசாத குழந்தையும் என் மனதில் ஒரே படமாக இருக்கின்றன.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், அமரவிளையிலிருந்து உள்ளே விலகிக் கிடந்த எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு இருக்க வேண்டுமா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்பா தமிழ்ப் பக்கத்தின் கூட்டங்களில் முன்வரிசை ஆள். அம்மாவோ காட்டாக்கடைக்கும் அப்பால் மலையோரத்தில் பிறந்து, கல்யாணமாகி வந்த பிறகே தமிழ் கற்றுக்கொண்டவர். சந்தையில் மீனுக்குப் பேரம் பேச அவரிடம் தமிழ் இருந்தது, பிள்ளையைக் கொஞ்சுவதற்கு இருந்ததில்லை. என்னைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, உறங்க வைத்தது எல்லாம் மலையாளத்தில்தான். அப்போது அப்பாவுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

நான் ஏழு வயதுக்காரியாக இருந்தபோது லீலா பிறந்தாள். இருபத்தெட்டாம் நாள், இடுப்பில் கயிறு கட்டும் சடங்குக்கு உறவுக்காரர்கள் கூடியிருக்கையில், அப்பா குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்க காதுல மலையாளம் விழப்பிடாது. மூத்தவளுக்கு விழுந்தது விழுந்தாச்சு.” கூட்டத்தில் பேசிப் பழகிய குரல் அது. எல்லோரும் தலையாட்டினார்கள், அம்மாவும்தான். பிறகு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ பாத்துக்கோ மக்கா” என்றார். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

ஒரே ஒரு தடவைதான் அம்மாவைக் காட்டிக்கொடுத்தேன். அம்மா கால்களை நீட்டி, அவற்றின் மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கையில், தன்னை மறந்து தன் பாஷையில் ஏதோ பாடிவிட்டார். எனக்கும் பாடியதுதான், எனக்கு வரி வரியாகத் தெரியும். சாயங்காலம் அப்பா கேட்டதும், “அம்ம மலையாளத்துல பாடினா” என்றேன். அப்பா கத்தவில்லை. “எனக்குக் கஞ்சி வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வைத்த கஞ்சி வைத்தபடி இருக்க எழுந்து போனார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

அன்றிலிருந்து அம்மா குழந்தையோடு பேசுவதை விட்டுவிட்டார். நேரத்துக்குக் குளிப்பாட்டுவார், ஊட்டுவார், தொட்டிலை ஆட்டுவார், ஆனால் எல்லாம் வாய் பொத்திய வேலையாக நடக்கும். “வா”, “தின்னு”, “உறங்கு” என்று மூன்று தமிழ்ச் சொற்கள், அவ்வளவுதான். அப்பா கூட்டங்களுக்குப் போய்விடுவார், நான் பள்ளிக்கூடத்துக்கு. குழந்தை அழுவதும் குறைந்துபோனது. “நல்ல பிள்ளையாக்கும், ஒரு சத்தமும் இல்லை” என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

லீலாவுக்கு இரண்டு வயது முடிந்த சமயம் அப்பாவை மறியலில் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் வைத்தார்கள். மெச்சியவர்களே அதற்குள் “ஊமையாக்கும்” என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அம்மா குழந்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு நடந்தார். அங்கே டாக்டர் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காதும் நாக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, “வீட்டுல இதுகிட்ட ஆரு பேசுவா?” என்று கேட்டார். அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இப்பம் பேச்சு வரலேண்ணா பின்னே பள்ளிக்கூடத்துல கொண்டு இருத்தீட்டு காரியமில்லை, கேட்டியளா?” என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் அம்மா அழுதுகொண்டே நடந்தார்.

அப்பா இல்லாத வீட்டில் அம்மா பேசியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சபையில் தலையாட்டிய வாக்கு அது, அதற்கு மேல் வீட்டில் காவலுக்கு நான் இருந்தேன். ஆனால் பசுவிடம் இன்ன பாஷைதான் பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா காடி வாளியோடு மாட்டுத் தொழுத்துக்குள் நுழைந்ததுமே, அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி மலையாளத்தில் வெளியே வரும். பசுவை ‘மோளே’ என்று, அதாவது மகளே என்று கூப்பிடுவார்; கழுத்தைத் தடவி, “குடி மோளே, பிணக்கமாணோ?” என்று, கோபமா என்று கேட்பார், பிறந்த வீட்டுக் கதை முழுவதையும் அதனிடம் சொல்லுவார். லீலா சாக்கில் உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாட்டிடம் பேசுவது என் கணக்கில் வராததால் நானும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் அப்பா விடுதலையாகி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். போராட்டம் நினைத்தபடி போகவில்லை என்று அவருக்கு உள்ளேயே தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் ஒன்றும் பேசாமல், முற்றத்துப் பலா மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லீலாவுக்கு அவர் யாரென்று தெரியாது. தொழுத்தின் பக்கமிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் காடியை ஏந்தி, பாதியைச் சிந்திக்கொண்டே வந்து, அவர் கழுத்தைத் தடவிக்கொடுத்து, “குடி மோளே. பிணக்கமாணோ?” என்றாள்.

நாங்கள் அனைவரும் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அது. அம்மா வாசற்படியில் கல்லாக நின்றார். அப்பா குழந்தையையும் சிரட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் காடியை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். சிரட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மாவிடம் சொன்னார்: “நீ உனக்கு வாயில வாறத பேசு. பிள்ளை பேசினா போரும்.”

அம்மா பேசினார், இரண்டரை வருஷ பாக்கியையும் சேர்த்து. லீலாவும் பேசினாள், அம்மாவோடு மலையாளத்திலும் எங்களோடு தமிழிலும். ஆனாலும் பள்ளியில் நான் ஒரு வாசிப்பில் பிடித்ததை அவள் உதட்டை அசைத்து அசைத்து நான்கு வாசிப்பில் பிடித்தாள். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தேறித் தபாலாபீசில் வேலைக்குப் போனாள். அந்த மௌனம்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல நான் யார்? அன்று அம்மாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதைப் போன வருஷம்தான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். “அப்பம் என்னைப் பேச வச்சது அந்தப் பசுவாக்கும்” என்றாள்.

எல்லை அந்தக் காலத்திலேயே ஒருவழியாக வகுக்கப்பட்டு, எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. சென்ற மாதம் பேரனின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். முதல் மூன்று வயதுக்குள்தான் மூளை மளமளவென்று வளர்கிறது, தாய் பேசப் பேசத்தான் பின்னால் படிப்பதற்கு அது தயாராகிறது என்று அங்கே ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பேரனின் மனைவியிடம் சொன்னேன். “அதுக்குத்தான் பாட்டி, இவன் காதுல இங்கிலீஷைத் தவிர வேற ஒண்ணும் விழப்பிடாதுண்ணு முடிவு பண்ணியிருக்கோம்” என்றாள். பாவம், அவளுக்கு வரும் இங்கிலீஷ் மூன்று நான்கு சொற்கள். குழந்தைக்குச் சோறூட்டி முடிக்கும்வரை அவற்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் வாய் மூடியிருக்கிறாள். தொழுத்து இருந்த இடத்தில் இப்போது காரை நிறுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் பசு இல்லை.