பின்சில்லும் மூன்றாம் வெள்ளியும்

கிறிஸ்தவர்களின் தபசு காலம் வந்தால் எனக்கு வேலை கூடும். நறுவிலிக்குளத்து வேதக்கார வீடுகளில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. மீன் வேண்டும். வெள்ளைக்காரன் பாலம் போட்ட பிறகு மன்னாரில் இருந்து நான் கொண்டுபோனேன். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கரையில் மீன் எடுப்பேன். சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டுவேன். விற்றுவிட்டு மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் சைக்கிளின் பின்சில்லுக் கம்பி முறியத் தொடங்கியது. ஒன்று முறிந்தால் சில்லு நெளிந்து சட்டத்தில் உரசும். ஓடாது. உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முறிந்த இடத்தில் புதுக்கம்பி போட்டேன். இனி முறியக் கூடாது என்று குறட்டால் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். அடுத்த வெள்ளி பக்கத்தில் இருந்த பழங்கம்பி போனது. அதற்கும் புதிது போட்டேன். அதையும் இறுக்கினேன்.

இரண்டு வெள்ளியும் நடைதான். போய்ச் சேரும்போது மீனின் கண் வெளுத்திருந்தது.

எப்போதும் முதலில் வாங்கும் பெண்பிள்ளை சட்டியை எடுக்கவில்லை. "கழுதையிலை வந்திருந்தாலும் வெள்ளன வந்திருப்பியள், காக்கா."

"கழுதைக்குக் கம்பி இல்லை, பிள்ளை."

"வங்காலையிலை இருந்து ஒரு ஆள் மீனைத் தலையிலை சுமந்துகொண்டு வந்து வித்திட்டுப் போட்டார். அடுத்த வெள்ளியும் பிந்தினால் நாங்கள் அவரிட்டைத்தான்."

இரண்டு ஜும்ஆவும் போனது. வீட்டில் மனைவி சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மூண்டாவது ஜும்ஆவும் விட்டால் கல்புல, நெஞ்சுக்குள்ள, முத்திரை விழுமாம்."

"தெரியும்."

"தெரிஞ்சவர்தானே விட்டவர்."

ஏலாமையால் விட்டால் குற்றமில்லை என்று பள்ளி லெப்பை சொன்னார். எனக்கு அது போதவில்லை. ஒரு கம்பியைச் சரியாகப் பூட்டத் தெரியாதது ஏலாமையா? வெள்ளி வியாபாரத்தை விட்டாலும் வீடு ஓடாது. இரண்டும் வேண்டும்.

அந்தக் கிழமை எங்கள் தெருவில் ஒரு சாவு. மையத்தைக் கொண்டுபோகும் சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். எனக்கு முன்னால் உயரமான ஒருவர். பாரம் முழுக்க அவர் தோளில் நின்றது. என் தோளில் தொட்டும் தொடாமலும் ஆடியது. அடிக்கு அடி எழும்பி எழும்பி என் எலும்பில் விழுந்தது.

"எல்லாரும் தொட்டுக்கொண்டு வாறியள். தூக்கிறது நான்," என்று அவர் முணுமுணுத்தார்.

"கொஞ்சம் பதிஞ்சு நட மச்சான். நன்மையை எல்லாருக்கும் பங்கு வை," என்றார் மற்றப் பக்கம் தூக்கியவர்.

அவர் முழங்காலை மடித்து நடந்தார். பாரம் என் தோளில் இறங்கியது. கனத்தது. ஆனால் இடி நின்றது.

எனக்குச் சில்லு நினைவில் வந்தது. மையத்தோடு போகும்போது வரக்கூடாத நினைவு. வந்துவிட்டது. நான் புதுக்கம்பியை மட்டும் உயரமான ஆளாக ஆக்கி வைத்திருந்தேன். தளர்ந்து கிடந்த மற்றவை இடிபட்டு முறிந்தன.

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கவிழ்த்தேன். கம்பிகளை விரலால் சுண்டினேன். புதியவை கிண்ணென்றன. பழையவை செத்த சத்தம். புதியவற்றைத் தளர்த்தினேன். பழையவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தரும்வரை விடவில்லை.

"சில்லோ, வீணையோ?" என்றாள் மனைவி.

"வெள்ளிக்குத் தெரியும்."

வெள்ளியன்று பாரம் குறைக்கவில்லை. வெயில் ஏற முதல் நறுவிலிக்குளம் போய்விட்டேன். அந்தப் பெண்பிள்ளை செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. சட்டியை நீட்டினாள். பெட்டி வெறுமையானது. வங்காலை ஆள் எதிரே வந்தார். தலையசைத்தார்.

திரும்பும்போது பாலத்தில் 'டிக்' என்றது. பழங்கம்பி ஒன்று. இறங்கினேன். பின்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். சற்று நெளிந்தது. உரசவில்லை. மற்றவை பிடித்துக்கொண்டிருந்தன. முறிந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு ஏறி மிதித்தேன்.

டவுனுக்குள் வர பாங்கு கேட்டது. பள்ளிக் கிணற்றில் குளித்து, கொண்டுவந்த சாரத்தை உடுத்து, தொழுகைக்கு ஒளு எடுத்தேன். குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மீன் வாடைக்கு மூக்கைச் சுருக்கினார். ஆனாலும் சற்றுத் தள்ளி அரக்கி இடம் தந்தார்.