இரவல் விரல்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு வந்தவள் அவள். 'பெரியக்கா' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். நீராவிச் சூட்டில் எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு பெண்களைக் கரையேற்றியவளிடம், நாற்பத்து மூன்று வயதில் ஒரு டாக்டர், "சர்க்கரை இருக்கும்மா, இனிமே வாயக் கட்டணும்" என்றார்.

"இன்னும் எதை டாக்டர் கட்டறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், யாரிடமும் மூச்சு விடவில்லை. நோய் இருப்பது தெரியவந்த இரண்டு பேரை, "வீட்ல உக்காந்து ஓய்வெடுங்க" என்று நிர்வாகம் அனுப்பியதை அவள் பார்த்திருந்தாள். மாத்திரைகளைப் பொத்தான் டப்பாவில் போட்டுக் கொண்டுபோய், இருமுவது போல் கைக்குட்டையால் வாயை மூடி விழுங்குவாள். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால், தன் துண்டைக் காகிதத்தில் மடித்து, "பேத்திக்கு" என்பாள். பேத்திக்கு அப்போது பல்லே முளைத்திருக்கவில்லை.

ஒருநாள் தொழிற்சாலையில் இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். ஆள் குறைக்கத்தான் இந்தத் திடீர் அக்கறை என்று எல்லோரும் கிசுகிசுத்தார்கள்.

பக்கத்து மேஜையில் சட்டை மடிப்பவளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். முப்பத்து மூன்று வயது. தலைவலி என்றுகூட ஒருநாள் படுத்தவள் இல்லை.

"சிட்டு, உன் விரலைக் கொஞ்சம் இரவல் குடுப்பியா?"

விஷயத்தைக் கேட்டதும் சிட்டு சிரித்துவிட்டாள். "இவ்வளவுதானாக்கா? பத்து விரல் இருக்கு, எது வேணுமோ எடுத்துக்கங்க."

ரத்தம் எடுக்க வந்த நர்சுகள் வெளியாட்கள். கையில் கொடுத்திருந்த எண் சீட்டைத்தான் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. பகல் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, பெரியக்காவின் சீட்டோடு சிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது பேயறைந்தவள் போலிருந்தாள்.

"அக்கா, முந்நூத்திப் பன்னெண்டாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உங்க கார்டுல எழுதிட்டாங்க."

ஆறு மாதமாகச் சிட்டு மெலிந்துகொண்டே வந்ததை, "குடுத்து வச்ச உடம்பு" என்று ஊரே மெச்சியது. அவள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததைப் புழுக்கம் என்று சொன்னவளே பெரியக்காதான். தாகம் எதற்கு வரும் என்று அவளைவிடத் தெரிந்தவர் அங்கே யார்?

சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா வேலை இல்லக்கா. என் சீட்டுக்கு நீங்க போங்க. உங்களுக்கு மாத்திரையாவது இருக்கு."

பெரியக்காவே ஆரம்பித்து வைத்த காரியம். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? போய் விரலை நீட்டினாள்.

"நூத்தி முப்பத்தெட்டு" என்றாள் நர்ஸ். "சாப்பிட்டதுக்கப்புறம் இது சரியான அளவுதாம்மா. கவலையில்லாம போங்க."

ஆறு வருஷம் நாக்கைச் செருப்பால் அடிப்பது போல் அடக்கிச் சம்பாதித்த எண் அது. சிட்டுவின் கார்டில் ஏறியது. சும்மா தன் விரலையே நீட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ஏமாற்றியதாக இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்றார். பத்தொன்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

பெரியக்கா சிட்டுவின் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை, "டாக்டரைப் பாக்கறேன்க்கா" என்றாள் சிட்டு. இரண்டாம் தடவை, "இப்போ எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்றாள். மூன்றாம் தடவை உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். சிட்டுவோடு அவள் புருஷனும் இருந்தான். அவள் பாதத்தில் கட்டு. கட்டின் ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது.

"செருப்பு கடிச்சிருச்சு" என்றாள், கேட்காமலே.

பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. புருஷனிடமே திரும்பினாள். "தம்பி, இவளுக்குச் சர்க்கரை இருக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டு."

அவன் முகம் கடுகடுத்தது. "கார்டு எங்க வீட்லதான் இருக்கு. நூத்தி முப்பத்தெட்டு. உங்களுக்கு வேலை போச்சுங்கற வயித்தெரிச்சல்ல அடுத்தவ பொழைப்பக் கெடுக்காதீங்க."

"அது என் ரத்தம்ப்பா!"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். சிட்டு தெருக்கோடியைப் பார்த்தாள்.

"பஸ் வந்திருச்சு, வாங்க" என்று விந்தி விந்திப் போய் ஏறினாள். அவனும் முணுமுணுத்தபடி பின்னாலேயே ஏறினான்.

பெரியக்காவும் அந்த பஸ்ஸில் போக வேண்டியவள்தான். ஏறவில்லை.