கை நீட்டினால் பழனி

பிறத்தியார் பயணத்தில் நான் ஒரு தப்புக்கூட விட்டதில்லை. கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூல் ஆபீஸில் ஏழு வருஷம் எனக்கு அதுதான் சோலி. பிள்ளைகளை லீவுக்கு ஊருக்கு அனுப்புவது, திரும்பி வருகிறவர்களுக்கு பஸ்ஸில் சீட் சொல்லி வைப்பது, துரைமார் கீழே இறங்கும்போது ரயில் டிக்கெட் எடுத்து வைப்பது. மேசையில் ஒரு ரயில்வே கைடு, ஒரு சிவப்புப் பென்சில், சுவரில் பஸ் நேரம். ஒரு பிள்ளைகூட என் கையால் ரயிலைத் தவற விட்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அவரவர் தாங்களாகவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தால்தான் வேடிக்கை. கொடைக்கானல் ரோடு என்று ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும் ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்று நினைப்பார்கள். அங்கிருந்து மலை ஏற ஐம்பது மைல் இருக்கிறது. ஒரு பையனின் தகப்பனார் அந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று, "ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்டதாக எனக்கே கடிதம் எழுதியிருந்தார். நடுராத்திரி தாண்டி வரும் ரயிலுக்கு ஒரு நாள் முந்திய தேதியில் டிக்கெட் எடுத்து, நேற்றே போய்விட்ட ரயிலுக்காகப் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. சித்திரை மாசம் பஸ் காலியாக இருக்கும் என்று நம்பி வந்த புத்திசாலிகள் உண்டு. மலைப்பாதைக்குக் கடைசி வரிசை சீட்டைக் கேட்டு வாங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு நான்தான் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். இதையெல்லாம் ஆபீஸில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். சிரிக்க வைத்தால்தான் என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடியதும் அந்த நாலு பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் அறை சலவைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் நனைந்த கம்பளி வாடை. ஐப்பசி பிறந்தால் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு. எல்லாரையும் நானே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, வாட்ச்மேனும் நானுமாக அந்தப் பெரிய கட்டிடத்தில் தை மாசம் வரை கிடப்போம். எனக்கு மட்டும் நான் டிக்கெட் எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் அப்பா. எங்களுக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம். அப்பா தையல்காரர். பாதிரியார் அங்கியிலிருந்து கல்யாணக் கோட்டு வரை அந்த வட்டாரத்துக்கே அவர்தான். எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற அளவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்த வேலைக்குக் கிளம்பினேன். "போனா போனதுதான்" என்றார். அது ஐம்பத்தெட்டில். எனக்கும் அவருடைய பிடிவாதம்தானே? போனது போனதுதான் என்று நானும் இருந்தேன். நாலு வருஷம்.

வாரம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் போடுவேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டும். அது தெரிந்தேதான் எழுதினேன். கடைசி வரியில் "அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம்" என்று முடிப்பேன். அதையும் அவரே வாசித்திருப்பார். பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையெழுத்தில் வரும். அப்பாவைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் நிஜம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நிறைய சிநேகிதிகள் இருக்கிறார்கள் என்று எழுதினேன். குளிர் பழகிவிட்டது என்று எழுதினேன். தூரத்தை நினைத்து அம்மா அழுகிறாள் என்று தெரிந்தபோது இன்னொன்றும் எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா வருஷா வருஷம் காவடி எடுத்துப் பழனிக்குப் போய் மூன்றாம் நாள் வீட்டில் இருப்பாள். ஆக, அம்மாவுக்குப் பழனி என்றால் கிட்டத்து ஊர். இங்கே ஒரு மேட்டிலிருந்து பார்த்தால், பனி விலகின நாளில், பழனிக் கோயில் குன்று கீழே சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்க வேண்டும். இப்படியெல்லாம் எழுதினதை எழுதினவளே மறந்துவிடுவாள். நானும் மறந்துவிட்டேன்.

அறுபத்திரண்டு ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அப்பா கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. "புதன்கிழமை அங்கு வருகிறேன். வழி தெரியும். நீ ஏற்பாடு ஒன்றும் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான். நான் அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் வெட்கம். ஊரெல்லாம் என்னிடம் வழி கேட்கிறது, பெற்ற தகப்பன் கேட்கவில்லையே என்று கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஆனால் வருகிறார். அப்பா வருகிறார் என்றால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் வீட்டில் ஓர் அறை கேட்டு வாங்கினேன். இரண்டு கம்பளி இரவல் வாங்கினேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அங்கே டிக்கெட் கொடுப்பவருக்கு என்னை நன்றாகத் தெரியும். "என்ன மிஸ், இன்னைக்கு எந்த துரை வர்றாரு?" என்றார். "எங்க அப்பா வர்றாங்க" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது! கேட்காதவர்களிடமும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

மத்தியான பஸ்ஸில் வரவில்லை. மூன்று மணி பஸ்ஸில் வரவில்லை. கடைசி பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி, கண்டக்டர் மேலேறி மூட்டைகளை இறக்கிப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமையும் போனேன். டிக்கெட்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை தூறலில் நின்றேன். பஸ் வரும் வளைவைப் பார்த்துப் பார்த்து, அந்த வளைவின் சுவரில் எத்தனை கல் பெயர்ந்திருக்கிறது என்பதுகூட எனக்குப் பாடம். கிளம்பி வரும் வழியில் மனசு மாறித் திரும்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அன்று இரவல் கம்பளிகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது சமையல்காரர் மனைவி, "வரலையா?" என்றாள். "சோலி வந்திருச்சாம்" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு பார்சலும் கார்டும் வந்தன. பார்சலில் கெட்டித் துணியில் ஒரு கோட்டு. அப்பா தையல். கார்டில், "பழனி வரை வந்தேன். பஸ் இல்லை. திரும்பிவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. பழனிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்! கொடைக்கானல் இருப்பது பழனி மலையில், பழனி மலை என்றால் பழனியில்தான் இருக்கும் என்று! அப்போது பழனியிலிருந்து மேலே வர பஸ் ஏது? திண்டுக்கல்லுக்குத் திரும்பி, வத்தலக்குண்டு போய்ச் சுற்றித்தான் ஏற வேண்டும். தெற்கேயிருந்து வருகிற ரயில் கொடைக்கானல் ரோட்டில் நின்றுதான் திண்டுக்கல் போகும். இறங்க வேண்டிய ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தாண்டிப் போயிருக்கிறார் மனுஷர். ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர், காவடிக் கூட்டத்தில் "மொட்டையா சாமி?" என்று கூப்பிடுகிறவர்களுக்கு நடுவில் கோட்டுப் பார்சலோடு நின்றதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு. ஆபீஸில் நடித்தும் காட்டினேன். அன்றைக்குக் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது.

மூன்று நாள் நின்ற கோபம் அதில் தீரவில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். "இங்கே ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூட வழி தெரியும். யாராவது கொடைக்கானலுக்கு வரப் பழனிக்கு டிக்கெட் எடுப்பார்களா? அப்பா ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம், இல்லை விவரம் தெரிந்த ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்." தபாலில் போட்ட பிறகுதான், இதை அம்மாவுக்கு யார் வாசித்துக் காட்டுவார் என்று நினைத்தேன். தபால் பெட்டிக்குள் கை போகாது.

அந்த ஐப்பசியில் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கோட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். கை இரண்டு விரற்கடை குட்டை. நாலு வருஷத்துக்கு முந்திய அளவு. அப்பா முன்அறையில் மிஷினில் இருந்தார். நிமிர்ந்து, "வாம்மா" என்றார். திரும்பவும் தைத்தார்.

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன், அந்தக் கடிதத்தை அப்பா வாசித்தாரா என்று.

"வாசிச்சாக. ஒரு எழுத்து விடல. ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்னு எழுதியிருந்தியே, அதையும் வாசிச்சாக. எனக்குத்தான் தாங்கல." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கிழம கல்யாண உருப்படி குடுக்கணும்னு ஒத்துக்கிட்டு வந்திருந்தாக. சுத்திப் போக நாளு இல்ல. பழனிக்குப் பக்கத்துல பாலசமுத்திரத்துல இருந்து மேல காலடிப் பாத கெடக்கு, வெள்ளனே கெளம்புனா பொழுதடையக்குள்ள ஏறிரலாம்னு யாரோ சொல்லிருக்காக. வியாழக்கிழம மத்தியானம் வரைக்கும் ஏறியிருக்காக. மூச்சு வாங்கிருச்சு. கொஞ்ச நேரம் ஒரு பாறையில உக்காந்துட்டு எறங்கிட்டாக."

வியாழக்கிழமை மத்தியானம் நான் பஸ் ஸ்டாண்டில், மலையின் இந்தப் பக்கம், வளைவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

"அவகளைச் சொல்லி என்ன? நீதான எழுதுன, பழனிக்கு மேலதான் இருக்கேன், கை நீட்டுனா தொட்டுரலாம்னு?" என்றாள் அம்மா. அந்த வரியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். அப்பா அத்தனை தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

முன்அறைக்குப் போய் மிஷின் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "டிக்கெட் எடுக்கும்போது யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா?"

"கேட்டேன்" என்றார். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. "கொடைக்கானல் ரோட்டுல எறங்கணும்னுதான் டிக்கெட் குடுக்கிறவரு சொன்னாரு. ரயில்ல எதுத்தாப்ல இருந்தவரும் அங்கதான் எறங்குனாரு. என்னையும் எறங்கச் சொன்னாரு."

"பெறகு ஏன்ப்பா எறங்கல?"

மிஷினை நிறுத்திவிட்டு, இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அவங்களா அங்க இருக்காங்க? நீதான இருக்க. நீ பழனின்னு எழுதியிருந்த."