மகள் பார்த்த கல்யாணம்

என் வீட்டுக்காரர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. அவள் ஆறாவது படிக்கும்போது அக்கா எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள். என் போட்டோவை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக இருந்து அலுத்துப்போயிருந்தது.

தேவாரம் ஊரிலிருந்து ஒருத்தர் பெண் பார்க்க வந்தார். எனக்குப் பிள்ளை இருப்பதை அக்கா அவரிடம் சொல்லவில்லை. "பேசி முடிக்கட்டும். பெறகு மெல்லச் சொல்லிக்கிறலாம்" என்றாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். வந்தவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கணக்கு நோட்டு எடுக்க வந்துவிட்டாள்.

"யாரு பிள்ள இது?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள" என்றாள் அக்கா.

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்தது தப்பு என்று மகளிடமும் சொன்னேன். "சரிம்மா" என்றாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவள். அங்கே மருந்தடிக்க ஒருவர் வருவார். மனைவி இறந்தவர். பிள்ளை இல்லை. ஒருநாள் பந்தலுக்கு அடியில் வந்து நின்றார்.

"என்னையக் கட்டிக்கிறியா?"

"எனக்குப் பொண்ணு இருக்கு."

"தெரியும். பள்ளிக்கூடம் விட்டு இங்கனதான வருது."

"அப்ப அதுகிட்டக் கேளுங்க."

கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "மருந்து நாத்தம் போகக் குளிச்சிட்டுப் போங்கண்ணே. மாமியா கோவக்காரி" என்று என் மகளைச் சொன்னாள் ஒருத்தி.

குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மகள் அவரை நிற்க வைத்தே கேட்டாள்.

"எங்கம்மாவ வைவீகளா?"

"வைவேன். அவளும் என்னைய வைவா."

"என்னைய?"

"பெயிலானா வைவேன்."

"நான் பெயிலாக மாட்டேன்."

"அப்பச் சோலியில்ல."

மகள் யோசித்தாள். "சரி, உக்காருங்க" என்றாள்.

முருகன் கோயிலில் கல்யாணம். தாய் கல்யாணத்தைப் பெற்ற பிள்ளை பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். தாலி எடுக்கும் நேரத்தில், செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா மகளை வெளியே அனுப்பிவிட்டாள். அவர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நான் கழுத்தைக் கொடுக்கவில்லை.

"பிள்ள எங்கக்கா?"

"ஆகாதுடி. பேசாமக் குனி."

"அவ வராமக் குனிய மாட்டேன்."

"நல்ல நேரம் போகுதுத்தா" என்றார் பூசாரி.

"போகட்டும் சாமி" என்றேன்.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். "அவ சொல்றபடி செய்ங்க. நான் நிக்கிறேன்" என்றார்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கூட்டிவந்தாள். மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். யாரும் சொல்லவில்லை, அவளே என் மாலையையும் பின்னலையும் ஒதுக்கித் தூக்கிப் பிடித்தாள். நாத்தனார் செய்கிற வேலை அது. அவர் மூன்று முடிச்சும் போட்டு முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் எத்தனையோ கல்யாணம் மண்டபத்தில் பெரிதாக நடந்திருக்கிறது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.