சந்தனம் குடித்த கம்ப்யூட்டர்

என் கல்யாணப் பேச்சு ஒரு மழைக்காலம் முழுக்க நின்றுபோனதற்குக் காரணம், அம்மா கரைத்த சந்தனம்.

சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் அப்பாவின் கம்ப்யூட்டர் இருந்தது. எண்பதுகளில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தடித்த கீபோர்டு ஒன்றுதான். மூளை, உடம்பு எல்லாம் அதற்குள்ளேயே. திரைக்கு டி.வி., ப்ரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். அப்பா அரசாங்க ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். சாயங்காலங்களில் தானே கற்றுக்கொண்டு, வாழ்நாளில் ஒரே ஒரு ப்ரோகிராம் எழுதினார். ஜாதகப் பொருத்தம். பெண்ணின் நட்சத்திரத்துக்கு ஒரு நம்பர், பையனின் நட்சத்திரத்துக்கு ஒரு நம்பர் தட்டினால் பத்துப் பொருத்தமும் டி.வி.யில் வரும். தெருவில் பாதிக் கல்யாணங்கள் அதைக் கேட்டுத்தான் நடந்தன. அக்காவுக்கு வந்த நல்ல நல்ல வரன்களை எல்லாம் அது கழித்துக்கட்டியது. கடைசியில் அது சம்மதித்த அக்கா வீட்டுக்காரரின் குறட்டை பக்கத்து வீடு வரை கேட்கும்.

“மெஷின் பொய் சொல்லாதுடா. மனுஷன்தான் சொல்லுவான்” என்பார் அப்பா.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போல் ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்கு ஓரத்தில் ஒரு பொட்டு என்பதுதான் நடைமுறை. எனக்குச் சீக்கிரம் பெண் அமைய வேண்டும் என்ற வேண்டுதலில், அந்த முறை ஒவ்வொரு கீயிலும் ஒன்று வைத்துவிட்டார். பன்னீரைத் தாராளமாக விட்டுக் கரைத்த சந்தனம். பூஜைக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்பதால் அது ராத்திரி முழுக்க நிதானமாக உள்ளே இறங்கியது. மறுநாள் துடைத்துவிட்டு அப்பா ஆன் செய்தார். எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. நம்பர் ஒன்றுகூட வரவில்லை.

பெண் ஏற்கெனவே அமைந்துவிட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. என் ஆபீஸில் வேலை பார்ப்பவள், இரும்புலியூர்க்காரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்தவள் அப்பாவிடம், “அங்கிள், இந்த ப்ரோகிராம் நீங்களே எழுதினதா? எப்படின்னு சொல்லுங்களேன்” என்றாள். பெற்ற பிள்ளைகள் நாங்கள் ஒருநாளும் கேட்காத கேள்வி. காபி ஆறி ஆடை கட்டும் வரை அப்பா விளக்கினார். அவளும் கொட்டாவி விடாமல் கேட்டாள்.

அவள் போனதும் அப்பா சொன்னார்: “நல்ல பொண்ணு. மெஷின்ல போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“மெஷின்தான் செத்துப்போச்சேப்பா. நெட்ல பார்த்துடலாம், ஒரு நிமிஷம்.”

“அதை எவன் எழுதினான்னு உனக்குத் தெரியுமா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து நெட்டைத் துழாவினேன். இந்த மாதிரிக் கிழட்டு மெஷின்களுக்கென்றே இங்கிலாந்தில் ஒருவர் அடாப்டர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். தீப்பெட்டி அளவு போர்டு. ஒரு முனை மெஷினுக்குள் போகும். மறுமுனையில் சாதாரண பி.சி. கீபோர்டைச் செருகலாம். ஆன்சைட் வேலையாக அங்கே போயிருந்த நண்பன் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வரும்போது வாங்கி வந்தான்.

மெஷினைத் திறந்ததும் காய்ந்த சந்தன வாசனை குப்பென்று அடித்தது. அடாப்டரை மாட்டி, மேற்குத் தாம்பரத்தில் வாங்கிய மலிவு கீபோர்டு ஒன்றைச் செருகி, ஒரு கீ விடாமல் தட்டிப் பார்த்தேன். ஆபீஸில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக டெஸ்ட் செய்ததில்லை. ஒரு பிசகு இல்லை.

அப்பா குளித்து, விபூதி பூசி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டேப் கீச்சென்று கத்தி ப்ரோகிராமை ஏற்றி முடித்தது. அவள் நம்பர், என் நம்பர். டி.வி.யில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: ரஜ்ஜு இல்லை. பொருந்தாது.

ரஜ்ஜு இல்லையென்றால் மற்ற ஒன்பதும் இருந்தும் பிரயோஜனமில்லை என்று கேட்டே வளர்ந்தவன் நான். அவளில்லாமல் எனக்கு ஆகாது என்று அந்த நிமிஷம்தான் சரியாகத் தெரிந்தது.

அப்பா மறுபடி தட்டினார். அதே பதில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார், அடாப்டரைப் பார்த்தார்.

“இது என்னடா, நான் ஒண்ணு அடிச்சா வேற ஒண்ணை எடுத்துக்குது?”

எனக்குச் சுருக்கென்றது. யார் தேர்ந்தெடுத்த அடாப்டர்? “அதெல்லாம் இல்லப்பா, பக்காவா டெஸ்ட் பண்ணியிருக்கேன். இங்க பாருங்க!” கீபோர்டைப் பிடுங்கி ஒன்று, இரண்டு, மூன்று தட்டினேன். திரையில் 123 அச்சுப் பிசகாமல் வந்தது. ஜெயித்த மிதப்பில் நிமிர்ந்தேன்.

சமையல்கட்டு வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தார். “டேய் படிச்ச முட்டாளே, அப்பாதான் அது சரியில்லைங்கிறார் இல்ல? வாயை மூடிட்டு இரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. டி.வி.யில் பளிச்சென்று நின்ற 123-ஐப் பார்த்துக்கொண்டே, “கடைசில வந்தது எட்டு மாதிரி இல்ல?” என்றார்.

“ஆமாம்பா” என்றேன். “எட்டுதான்.”

“வெளிநாட்டுச் சாமான். நம்ம நட்சத்திரமெல்லாம் அதுக்கு என்ன தெரியும்?” டி.வி.யை அணைத்தார். “நாங்க எப்ப வரலாம்னு அவங்க வீட்டுல கேளு.”

மாசியில் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு பொருத்தம் பார்க்க யார் வந்தாலும் அப்பா காபி கொடுத்து, அடாப்டர் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். வேறு வாங்கிப் போடலாமே சார் என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவார்.

“பையன் இன்ஜினியர். அவனே பார்த்துட்டு, சரி பண்ண முடியாதுன்னுட்டான்.”

நான் தலையாட்டுவேன்.