பூட்டிய கார்டில் மூன்று படங்கள்

25 நவம்பர் 2024, திங்கள்.

நேற்று 'காப்பி' கொடுக்க வேண்டிய இடத்தில் 'கட்' கொடுத்துவிட்டேன்.

காமிரா கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது காப்பிதான் கொடுக்க வேண்டும். எங்கள் மாலை நேரப் புகைப்பட வகுப்பின் முதல் பாடமே அதுதான். காப்பி கொடுத்தால் படம் இரண்டு இடத்திலும் இருக்கும். கட் கொடுத்தால் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு படமும் கார்டிலிருந்து மறைந்துவிடும். ராகவேந்திரா சார் சொன்னதை எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டவள் நான். அப்படியும் கை தவறிவிட்டது.

இதை முதலிலேயே ஒப்புக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, "தப்பு உன் பேரில், பழி பேய் பேரிலா?" என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். எதிலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். நேற்று முழுக்கச் சந்தேகப்பட்டுப் பார்த்தும் தீரவில்லை.

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

புனேயில், மகர்பட்டா ஆபீசில் என் பக்கத்து சீட் அமலா. எங்கள் இருவருக்கும் ஊர் கோயம்புத்தூர். நேற்றுக் காலை கோந்த்வாவில் அவள் மாமியார் வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். அவளுக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலிருந்து வளர்த்தது அக்கா அம்மு. வளைகாப்புக்காக அம்மு அக்கா ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

வந்தவரை உள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கணவர் இல்லாதவர் வளையல் போடக்கூடாதாம்.

ஹாலில் வேப்பிலைக் காப்பில் தொடங்கி, ஏழு பெண்கள் வரிசையாக வந்து அமலாவுக்கு வளையல் அடுக்கினார்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். பந்தி தொடங்கியதும் அமலா என் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை பேரு போட்டா என்ன, எங்கக்கா போடாம எனக்கு வளைகாப்பு இல்ல. நீ எடு, சுப்ரஜா."

அம்மு அக்கா தயங்கினார். "வேண்டாங்கண்ணு. உங்க மாமியா பார்த்தா..."

"பாக்கட்டும். கையைக் கொண்டா."

கட்டிலில் அமலா. எதிரே ஸ்டூலில் அக்கா. அக்காவின் வெறும் கை அமலாவின் கையில் ஒரு பச்சை வளையலை ஏற்றியது. நான் மூன்று படம் எடுத்தேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

வெளியே வந்தபோது அமலாவின் மாமியார் சரசா ஆன்ட்டி வாசலில் நின்றிருந்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புனேயில்; அவர் தமிழில் மராத்தி கலந்துவரும்.

"அரே பேட்டா, உள்ள எடுத்ததை டிலீட் பண்ணிடு. நல்ல நாள்ல அதெல்லாம் நக்கோ, வேண்டாம்."

"சரி ஆன்ட்டி" என்றேன். அழிக்கவில்லை. அழிக்கும் எண்ணமும் இல்லை.

என் லேப்டாப் ஆபீசுடையது. அதில் வெளிக் கார்டு எதையும் செருக முடியாது, பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் சாயங்காலம் ஔந்தில் இருக்கும் எங்கள் வகுப்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை கம்ப்யூட்டர் அறை திறந்திருக்கும். கூடப் படிக்கும் தேஜஸ் மட்டும் இருந்தான். அவனும் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடு" என்றான் இந்தியில். "மறந்தேன்னா, சார் உன் போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டிடுவாரு."

"முதல்ல உன்னோடதை மாட்டச் சொல்லு. இடம் ரெடியா இருக்கு."

சிரித்துக்கொண்டே போனான். மணி 6.35. நவம்பர் என்பதால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

கார்டைச் செருகினேன். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தேன். தவறாகக் கட் கொடுத்தேன். படங்கள் நகரத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். பாதியில் நிறுத்தினால் இன்னும் குழப்பமாகும் என்று விட்டுவிட்டேன். பச்சைக் கோடு மெதுவாக வளர்ந்தது.

அப்போது ஒரு சத்தம்.

சிலிங்...

கண்ணாடி வளையல் சத்தம். என் கையில் வாட்ச் மட்டும்தான். காலையில் தாம்பூலத்தோடு வளையல் கொடுத்தார்களே, பை சரிந்திருக்கும் என்று நினைத்தேன். பையைத் திறந்தேன். வளையல்கள் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தன. இறுக்கமாக. ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

பச்சைக் கோடு நின்றுவிட்டது.

மீதம் மூன்று படங்கள். உள் அறையில் எடுத்த அதே மூன்று. மற்றதெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. இவை மூன்றும் இந்தக் கார்டில் மட்டும்தான் இருந்தன. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

திரையில் ஒரு பெட்டி வந்தது. 'இந்த மூன்று கோப்புகளையும் நிரந்தரமாக அழிக்கவா?' ஆம். இல்லை.

நான் அழிக்கும் பொத்தானைத் தொடவில்லை... தொட்டேனோ? முழங்கை பட்டிருக்கும். 'இல்லை' கொடுத்தேன்.

பெட்டி போனது.

திரும்ப வந்தது.

மறுபடியும் 'இல்லை'. மறுபடியும் வந்தது. கீபோர்டைப் பார்த்தேன். அழிக்கும் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. யாரோ விரல் வைத்து அழுத்தியது போல. மற்ற பொத்தான்கள் எல்லாம் மேலே இருந்தன.

கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன்.

பெட்டி வந்தது.

சிலிங்... சிலிங்...

இந்த முறை கதவுப் பக்கம். பிறகு அலமாரிப் பக்கம். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால். ஒரு கை நிறைய வளையல் போட்ட பெண் நடந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படி. கனமான நடை. நின்று நின்று நடப்பவளின் நடை.

மல்லிகைப்பூ வாசனை வந்தது.

ஓடியிருக்கலாம். வாசல் எட்டடியில்தான் இருந்தது. ஆனால் கார்டை விட்டுவிட்டு ஓடினால் மூன்று படமும் போய்விடும். அமலா என் கையைப் பிடித்து இழுத்தது நினைவுக்கு வந்தது. பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. காலையில் ஒருத்தர் அழி என்றார். இப்போது இன்னொருத்தரா?

கார்டை வெளியே எடுத்தேன்.

அதன் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு பூட்டு இருக்கும். கீழே தள்ளிவிட்டால் கார்டில் எதையும் அழிக்க முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். இதுவும் வகுப்பில் கற்றதுதான். நகத்தால் தள்ளினேன். முழுக்க இறங்கியதா என்று சந்தேகம். திரும்பத் தள்ளினேன். இன்னொரு பிரதி எடுக்காமல் கிளம்ப மனமில்லை; மறுபடி செருகினேன்.

பெட்டி உடனே வந்தது.

மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறி 'ஆம்' பக்கம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. இழுத்தேன். வரவில்லை.

என் புறங்கையில் ஏதோ பட்டது.

வழவழப்பாக. சில்லென்று. வளையம் வளையமாக...

என் கைமேல் ஒரு கை.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கைதான் தெரிந்தது. அதில் தோல் மட்டும் வரிவரியாக அமுங்கியிருந்தது.

"கையை எடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "யாரா இருந்தாலும் சரி. இது நான் எடுத்த படம். கேட்டவ கிட்ட குடுக்காம விடமாட்டேன்."

கை எடுக்கவில்லை.

பூட்டு சரியாக இறங்கியிருக்குமா?

தெரியவில்லை.

"சரி" என்றேன். "அழி பார்க்கலாம்."

மவுஸை விட்டேன்.

டிக்.

'ஆம்' அமுங்கியது.

திரையில் புதுப் பெட்டி. 'அழிக்க முடியாது. கார்டு பூட்டப்பட்டுள்ளது.'

என் பின்னால் சலீரென்று ஒரு சத்தம். டஜன் கணக்கில் வளையல்களை ஒரே அடியில் உடைத்தது போல. துள்ளித் திரும்பினேன். தரையில் ஒரு சில்லுகூட இல்லை. டியூப்லைட் எரிந்தது. நாற்காலிகள் அப்படியே இருந்தன. மணி 7.10.

மூன்று படங்களையும் காப்பி கொடுத்தேன். காப்பிதான். இரண்டு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். நொடியில் வந்துவிட்டன. என் பென்டிரைவில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி. அதற்குப் பிறகுதான் திறந்து பார்த்தேன்.

முதல் படம். கட்டிலில் அமலா, ஸ்டூலில் அக்கா. படத்தின் ஓரத்தில், ஜன்னலருகே ஒரு பெண் நிற்கிறாள்.

இரண்டாவது படம். அந்தப் பெண் அக்காவுக்குப் பின்னால் நிற்கிறாள். பச்சைப் பட்டு. தலை நிறைய மல்லிகை. பெரிய வயிறு. ஏழு மாதம் இருக்கும்.

மூன்றாவது படம். முழங்கை வரை வளையல் அடுக்கிய அவள் கை, அக்காவின் வெறும் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அவள் முகம் என்னைப் பார்க்கிறது. அமலாவின் சாயல். ஆனால் அமலா இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன்.

இன்று ஆபீஸ் முடிந்ததும் நேராகக் கோந்த்வா. கதவைத் திறந்தது சரசா ஆன்ட்டி.

"டிலீட் பண்ணிட்டே இல்ல பேட்டா?"

"இல்ல ஆன்ட்டி. பண்ணல, பண்ணவும் மாட்டேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் உள் அறைக்குப் போய்விட்டேன். ஆன்ட்டியிடம் இப்படிப் பேசியது நான்தானா என்று அதிலும் ஒரு சந்தேகம். அம்மு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை மெதுவான குரலில் சொல்லி, போனைக் கொடுத்தேன். முதல் படம் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது யாருன்னு தெரியுதா கண்ணு?"

"தெரியலீங்கக்கா."

"நாந்தான்."

படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எனக்கு வளைகாப்பு பண்ணின அன்னிக்கு. இதே பச்சைப் பட்டுத்தான். ஆறு வருசமாச்சு. அன்னிக்குப் பொழுது சாய போன் வந்துச்சு. அவரு பைக்குல வந்துட்டிருந்தாரு, லாரிக்காரன்..." நிறுத்தினார். "ராத்திரியே இந்த வளையலை எல்லாம் ஒடைச்சாங்க. ஒரே தட்டுல. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் காதுல இருக்குது."

"அன்னிக்கு எடுத்த படம் ஏதாச்சும்..."

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் எரிச்சுப்போட்டாங்க. நானே என்னை இப்படிப் பாத்து ஆறு வருசம் ஆச்சு."

"குழந்தை என்னாச்சுங்கக்கா?"

"தங்கல. அடுத்த வாரமே போயிருச்சு."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தை இல்லை. வயிற்றை. திரையை மெதுவாகத் தடவினார்.

"இவளுக்கு இன்னும் இருக்குது பாரு" என்றார். "இவளுக்கு இன்னும் அந்தப் போன் வரல."

உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அப்படியென்றால் நேற்று என் கைமேல் கை வைத்தது யார்? அந்தப் படங்கள் வெளியே வந்தால் தனக்கும் அந்தப் போன் வந்துவிடும் என்று பயந்தாளா? எனக்குத் தெரியாது. அக்காவிடமும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரமாக நின்றாளோ, கதவருகே அமலா. பின்னால் சரசா ஆன்ட்டி.

"காட்டுக்கா" என்றாள் அமலா. வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது அவளுக்கு. அக்கா அந்தப் புடவையில் இருந்ததைக் கூட இருந்து பார்த்தவள்.

ஆன்ட்டியும் எட்டிப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஹே காய்... என்ன இது... அழிச்சிடு. அமலா, சொன்னா கேளு. வயித்துப் பிள்ளைக்காரி நீ. அந்தப் பொம்பளை வீட்ல வேண்டாம்."

"எந்தப் பொம்பளைங்க அத்தை?" என்றாள் அமலா. "அவளும் எங்கக்காதான்."

அமலா போனை என்னிடம் நீட்டினாள்.

"பெருசாப் போட்டுக் குடு, சுப்ரஜா. மூணும் வேணும். ஹால்ல மாட்டுவேன்."

நாளை செய்ய வேண்டியது: காலை பத்து மணிக்கு ஸ்டூடியோ திறந்ததும் மூன்று படங்களையும் பெரிய அளவில் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் எதையும் கத்தரிக்கக் கூடாது என்று அங்கே சொல்ல வேண்டும்.